உப்பும் கரியும் போட்ட குழி

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. நம்பாததோடு விடாமல், செய்தி சொன்ன என் மகளைத் திட்டியும் வைத்தேன்.

அன்று வியாழக்கிழமை. பிள்ளைகளின் பள்ளியில் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கு இன்னும் விடவில்லை. மூன்றாவது பீரியடில் வீட்டிலிருந்து போன் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. எடுத்தால் மூத்தவள் திவ்யா. "அம்மா, அப்பாரு எந்திரிக்க மாட்டீங்கறாரு. எத்தன கூப்புட்டும் கண்ணு முழிக்கல" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்பார்கள். மூன்று நாள் முன்புதான் இதே குரலில், குளியலறைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று போன் செய்தாள். அரை நாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து ஓடிப்போய்ப் பார்த்தால், அக்காவும் தம்பி கார்த்தியும் கார்ட்லெஸ் போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை, சாயங்காலம் வந்து தோலை உரிக்கிறேன் என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மாமனார் சின்னச்சாமி, பேரப்பிள்ளைகளோடு கார்ட்டூன் பார்த்தபடியே சாய்வு நாற்காலியில் காலமாகியிருந்தார்.

ஒன்பது வயதுப் பெண் அந்தப் பத்து நிமிடம் என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது. என் புத்தி அப்படி. பரீட்சை ஹாலில் இருபது வருடம் நின்று பழகிவிட்டது. யார் குனிந்தாலும் பிட்டு எடுக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றும்.

மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிற அவருடைய நண்பர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். வீட்டு மனுஷியாக நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நல்லது நாலு எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. ஆனால் அவரிடம் நேரில் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுதுவது பொய்யாகிவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணபதியில், சத்தி ரோட்டின் ஓரமாக, மாமாவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை இருந்தது. அன்னூர், புளியம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன கிணற்று மோட்டாரை பஸ்ஸின் மேலே ஏற்றிக்கொண்டு வருவார்கள். மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்பே அவர் கேட்கிற கேள்வி, தோட்டத்தில் எர்த் போட்டிருக்கிறீர்களா என்பதுதான். மெஷினுக்குள் ஓடுகிற கரண்டு தப்பித்தவறி அதன் உடம்புக்கு வந்துவிட்டால், தொடுகிற ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்குவதற்காகப் போடுகிற கம்பிதான் எர்த். போடவில்லை என்று சொன்னால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். "மோட்டாரு எரிஞ்சா நான் கட்டித் தாரேனுங்க. ஆளு எரிஞ்சா ஆருங்க கட்டித் தருவா?" என்று அவர் கேட்டதை இந்த மலரைப் படிக்கிற பலரும் காது குளிரக் கேட்டிருப்பீர்கள். சிலர் திட்டும் வாங்கியிருப்பீர்கள்.

சந்தேகத்தில் அவர் எனக்கு ஒரு படி மேல். நான் ஆட்களைச் சந்தேகப்படுவேன், அவர் மெஷின்களைச் சந்தேகப்படுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எல்லோரும் தட்டில் இருந்த மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்துபோய் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வேவு பார்க்கிறாரோ என்று என் அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கும்தான். கரண்டு பாய்ந்தால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தானாக விலகிவிடும், அதனால்தான் அப்படித் தொடுவது என்று கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் என் கணவர் சொன்னார்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். கடையை விட்ட பிறகு மாமாவுக்கு முழுநேர வேலை பேரப்பிள்ளைகள்தான். நான் பள்ளியிலிருந்து வருகிற வரைக்கும் வீடு அவர்கள் மூவர் வசம். கார்த்தி ஒருமுறை டிவி ரிமோட்டைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தான். திவ்யா மிக்ஸி ஜாரில் சாக்பீஸ் அரைத்து மாவு என்று விற்றாள். மாமா அவர்களை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆறு வயதுப் பையனையும் "வாங்க சாமி, போங்க சாமி" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பிளக் பாயிண்ட் பக்கம் கை போனால் மட்டும் அவர் குரலே வேறாகிவிடும்.

போன வருடம் வாஷிங் மெஷின் வாங்கினோம். நான் கேட்டு வாங்கியது. அதற்குத் தண்ணீர் கொண்டுவர, துருப்பிடித்துக் கிடந்த பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போடுவது என்று முடிவானது. மாமாவே கடைக்குப் போய்க் குழாய் வாங்கிவந்து, பக்கத்தில் நின்று மாட்டச் சொன்னார். மெஷின் வந்து இறங்கிய அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டாம் நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது புறங்கையை வைத்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து வினோதம் ஆரம்பமானது. காலையில் ஓடுகிற மெஷின், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்த பிறகு ஓடாது. பார்த்தால் அந்த பிளக்குக்கான ஃபியூஸ் கட்டை இருக்காது. கேட்டால், காணோமுங்களா என்று என்னையே திருப்பிக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்காது. திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அது தன் இடத்தில் இருக்கும். கம்பெனி ஆளை வரச்சொன்னேன். அவர் மெஷினில் பழுதில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். "ஆரைப் பாத்து என்ன கேள்வி கேக்கறீங்க?" என்று மாமா அவரைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் சும்மா இருக்கிற ஆளா? ஃபியூஸ் பெட்டியின் மூடி இடுக்கில் என் தலைமுடி ஒன்றை வைத்து மூடிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். சாயங்காலம் முடி கீழே கிடந்தது. மறுநாள் மாமாவின் சட்டையைத் துவைக்க எடுத்தால் பாக்கெட்டில் பீங்கான் கட்டை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு. மருமகள் கல்லில் அடித்துத்தான் துவைக்க வேண்டும், சொகுசு கூடாது, அதை வாய்விட்டுச் சொல்ல மரியாதை தடுக்கிறது, அதனால் ஃபியூஸைப் பிடுங்குகிறார் என்று நானே கணக்குப் போட்டு நானே விடையும் எழுதிவிட்டேன். கட்டையை அவர் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தேன். அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்தார்கள். வாசற்படி தாண்டிச் செருப்பு வராத வீடு எங்களுடையது. கேட்டால் அப்பாரு போடச் சொன்னார் என்றார்கள். நான் கழற்றச் சொன்னால் அவர் மறுபடியும் மாட்டிவிடுவார். எனக்கு எதிராகப் பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறார் என்று கணவரிடம் புகார் செய்தேன். வயசான மனுஷன், விடு என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் குழி. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தென்னங்கன்று வைக்கப் போவதாகச் சொல்லி மாமா தோண்டத் தொடங்கினார். தினமும் நான் போன பிறகு கொஞ்சம். தென்னங்கன்றுக்கு இடுப்பளவு குழி போதும். இது கார்த்தி நின்றால் தலை தெரியாத ஆழம். கன்று வந்தபாடில்லை. ஒரு நாள் அவர் அறைக் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது கல்லுப்பு மூட்டை ஒன்றும் அடுப்புக்கரி மூட்டை ஒன்றும் இருந்தன. எதற்கு என்று திவ்யாவைக் கேட்டேன். அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். சொல்ல மாட்டோம் என்று அப்பாருக்குச் சத்தியம் செய்திருக்கிறார்களாம். அந்தச் சத்தியத்துக்குக் கூலி, தினமும் அரை மணி நேரம் கூடுதலாக வீடியோ கேம்.

ருக்குமணி அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உப்பு, கரி, ஆளு ஆழத்துக்குக் குழி. எனக்கென்னமோ நல்லதாப் படலீங்க டீச்சர். உங்க துணி ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?"

கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள் நான். செய்வினை, மாந்திரீகம் என்று யாராவது பேசினால் வகுப்பிலேயே கேலி செய்வேன். ஆனால் அன்று வீட்டுக்குள் போய் என் புடவைகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு ஜாக்கெட் குறைந்தது. அது தையல்காரரிடம் இருப்பது நினைவுக்கு வர இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும், எனக்கு ஒரு குறையும் வைக்காத மனிதர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. காபி போட்டு வைத்தால், தலைவலி, வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவர் அதைச் சாக்கடையில் ஊற்றாமல் தானே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார்.

மூன்றாவது நாள் சனிக்கிழமை. மாமா ஏதோ இரும்புச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் வீட்டில். ஃபியூஸ் கட்டையை வழக்கம்போலக் காணோம். எனக்கு வந்த கோபத்தில் கடைக்குப் போய்ப் புதுக் கட்டை ஒன்று வாங்கிவந்து, நானே கம்பி சுற்றி மாட்டி, மெஷினைப் போட்டுவிட்டேன். அவர் வரும்போது அது ஓடுகிற சத்தம் அவர் காதில் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை. பின்பக்கம் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார்த்தி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே ஓடிவந்தான். மெஷின் மூடிக்குள் துணி சுற்றுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும். இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றினான்.

அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை.

அதே நேரத்தில்தான் மாமா வாசலில் நுழைந்தார். முழங்கால் வலி என்று பஸ் ஏறுவதற்கே திணறுகிறவர், தோளில் இருந்த இரும்புக் குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார். பையனிடம் வரவில்லை. முதலில் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகுதான் வந்து பையனைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துப் பார்த்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "மெசினு கடிச்சிருச்சு அப்பாரு" என்று கார்த்தி தேம்பினான். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் மாமா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தப்பு எம்படதுங்க அம்மணி" என்றார். "இந்த ஊட்டுக்கு வயரிங் பண்ணுனது நானு. அப்ப எர்த்துக்குக் குழி தோண்டச் சோம்பப்பட்டுட்டு, மண்ணுக்குள்ள போற தண்ணிக் கொழாயிலயே கம்பியக் கட்டிப்போட்டேன். இரும்புக் கொழாய்ங்கறதால ஓடிட்டு இருந்துச்சு. இப்ப கரண்டு எறங்காத பிளாஸ்டிக்க நானே வாங்கியாந்து நானே மாட்டச் சொன்னேன். கம்பி அந்தரத்துல நிக்கறது எனக்கு ஞாபகமே வரலீங்க. ஊர் பூரா எர்த்து எர்த்துன்னு பேசிப்போட்டு, எம்பட ஊட்டுல இல்லீன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? தெரியாம சரி பண்ணிப்போடலாம்னு பாத்தேன்."

உப்பும் கரியும் எதற்கு என்று அப்போதும் நான் கேட்டேன். எர்த் குழிக்குள் குழாயை நட்டு, சுற்றிலும் உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டினால்தான் மண் ஈரமாகவே இருக்கும், கரண்டு இறங்கும் என்றார். கடையில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார், மருமகளுக்குத் தெரியாது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க என்னமோ ஏதோன்னு நெனச்சிருப்பீங்க, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நெனைக்கலீங்க மாமா" என்றேன்.

அந்தப் பொய்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவர் தன் தப்பை ஆறு வயதுப் பையன் முன்னால், தரையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டார். என் தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே மாமா, நான், பிள்ளைகள் என்று நான்கு பேருமாகச் சேர்ந்து அந்தக் குழியை முடித்தோம். ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு கரி என்று கொட்டிக் கொட்டிப் பிள்ளைகள் தலையிலிருந்து கால்வரை கருப்பாக நின்றார்கள். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி, ஊற்றுகிற வேலையையும் அவர்களிடமே கொடுத்தார். குழிக்குத் தாகம் எடுத்தால் மெஷினுக்குக் கோபம் வரும் என்று சொல்லிவைத்திருந்ததால், அவர்கள் மறந்ததே இல்லை. அதன்பிறகு ஒரு வருடம் இருந்தார். வாய் நிறைய "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டார். மெஷினில் துணி போட்டு எடுக்க அவரே பழகிக்கொண்டார். நானும் அவர் போட்ட காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். சந்தேகப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று தோன்றும்போதெல்லாம், இந்த நல்ல முகம் சுருங்கிவிடுமே என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட நாள் இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கே உறவுகள் வந்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து நாத்தனார் வந்து சேர மறுநாள் ஆகும் என்பதால், இப்போது நம் ஊரிலும் வாடகைக்கு வரத் தொடங்கியிருக்கிற குளிர்பெட்டியைக் கணவர் வரவழைத்தார். பெட்டியைக் கொண்டுவந்த ஆள் மாமாவை உள்ளே கிடத்திக் கண்ணாடி மூடியைப் போட்டார். வயரைப் பார்த்தேன். நுனியில் பிளக்கே இல்லை. இரண்டு கம்பிகளைச் சுவரில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார். எர்த்துக்கான மூன்றாவது கம்பி வெளியே தொங்கியது. தரையெல்லாம் ஈரம். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். திவ்யாவும் கார்த்தியும் முதல் ஆளாக நின்றார்கள்.

நான் சுவிட்சை அணைத்து இரண்டு கம்பிகளையும் பிடுங்கிவிட்டேன். மூன்று முனைப் பிளக் மாட்டி, எர்த் கொடுக்காமல் பெட்டி ஓடக் கூடாது என்றேன். பெட்டிக்கார ஆள், இத்தனை வீட்டில் வைத்திருக்கிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை என்று முணுமுணுத்தார். கணவரின் பெரியம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார். "மாமனாருக்கு ஒரு நாளைக்குக் கரண்டு குடுக்க மனசு வரலையாட்ட இருக்குது."

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. ஒரு மாத காலம் இதே பார்வையைத்தான் நான் தினமும் மாமாவின்மேல் வைத்திருந்தேன். நல்லதைச் செய்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இதைத் தாங்குவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கணவர் ஓடிப்போய்ப் பிளக் வாங்கிவந்தார். அரை மணி நேரத்தில் பெட்டி முறையாக ஓடியது. அதன்பிறகு யார் கட்டிப்பிடித்து அழுதாலும் எனக்குப் பயமில்லை.

எல்லோரும் சற்று விலகிய நேரத்தில் நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். ஃபியூஸ் கட்டையிலிருந்து ஆரம்பித்து, தலைமுடி வைத்தது, காபி குடிக்காதது, புடவை எண்ணியது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். "உங்களப் போயிச் சந்தேகப்பட்டுட்டேனுங்க மாமா" என்றேன். நான் பேசப் பேசக் குளிர்ந்த கண்ணாடிமேல் மூச்சு படிந்து, அவர் முகம் மறைந்துகொண்டே வந்தது. திவ்யா பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. அவள் தன் பாவாடை நுனியால் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள். "அப்பாருக்கு உங்க மூஞ்சி தெரியோணுமில்ல?"

யார் சொன்னதை நம்பாமல் நான் போனை வைத்தேனோ, அதே பெண். அவள் முன்னாலேயே மீதியையும் சொல்லி முடித்தேன். போய் வாருங்கள் மாமா.